பெரிய கோயிலுக்கு நாற்பது நிமிடம்

இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து இந்தியா போய்த் திரும்பி ஒரு வாரம் ஆகிறது, ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அம்மா முப்பது வருசம் மலையில் தேயிலைக் கொழுந்தெடுத்தவர். சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில்தான் இந்தச் சுற்றுலா. மதுரை, தஞ்சாவூர், டெல்லி, ஆக்ரா என்று எட்டு நாள்.

தஞ்சைப் பெரிய கோயிலில் இறங்கியதுமே வழிகாட்டி கடிகாரத்தைக் காட்டினார். "நாற்பது நிமிசம்தான், பஸ் நிற்காது." 1010இல் ராஜராஜன் கட்டி முடித்த கோயில் அது. அங்கே பணி செய்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின், பெயரையும், யார் எந்தத் தெருவில் எந்த வீட்டில் இருந்தார்கள் என்பதையும் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் நாலு தலைமுறையாக உழைத்தவர்களின் பேரை யாரும் ஒரு பலகையில்கூட எழுதியதில்லை. அம்மா கொழுந்துக் கறை போகாத விரலை நீட்டி, "இது 'க'னாவா தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே விசில் ஊதிவிட்டார்கள்.

சரி, நேரமில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் சேலைக் கடையில் மட்டும் இரண்டு மணி நேரம் எங்கிருந்து வந்தது?

ஆக்ராவுக்குக் கூட்டிப் போனது வெள்ளிக்கிழமை. அன்றைக்குத் தாஜ்மகாலுக்குள் பார்வையாளர்களை விடமாட்டார்கள் என்பது இதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்குத் தெரியாதா? யமுனைக்கு அக்கரையில், மெஹ்தாப் பாக் பூங்காவில் நின்று எட்டிப் பார்த்தோம். அதற்காகவே எடுத்து வைத்திருந்த புதுச் சேலையைக் கட்டியிருந்த அம்மா, படம் எடுக்கவும் வேண்டாம் என்றுவிட்டார்.