குழாயைத் திறந்துவிட்டுப் பேசிய நாட்கள்

மார்பில் ஒரு சின்னக் கட்டி. ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வர 10 நாள் ஆகும் என்றார்கள். திரும்பி வரும் வழியிலேயே நானும் கணவரும் பேசி முடித்துவிட்டோம்: பாப்பாவுக்குத் தெரிய வேண்டாம். 11 வயதுதான் ஆகிறது. பரீட்சை வேறு நடக்கிறது. என்ன ஏது என்று நமக்கே தெரியாதபோது குழந்தையை எதற்குக் கலவரப்படுத்த வேண்டும்?

ஃபைலை பீரோவுக்கு மேலே போர்வைகளுக்கு அடியில் வைத்தேன். போன் பேச வேண்டுமென்றால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசினேன். சினிமாவில் பார்த்த வித்தை. தண்ணீர்ச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும் என்று நானே குரலை உயர்த்திப் பேசுகிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஏழாம் நாள் காலையில் அவளுடைய கணக்கு நோட்டைப் பையில் வைக்கப் போனவள், சும்மா புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் 10 கோடுகள். அவற்றில் 6 கோடுகள் குறுக்கே அடிக்கப்பட்டிருந்தன. என்னடா இது என்றேன். விளையாட்டு என்றாள். அப்புறம் உதடு கோணியது.

"நீதானே பாத்ரூம்ல சொன்னே, இன்னும் பத்து நாள்தான்னு."

நான் சொன்னது, "இன்னும் பத்து நாள்தான், ரிசல்ட் வந்துடும்" என்று. தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்கு முன்பாதிதான் எட்டியிருக்கிறது. மீதியை அவளாகவே நிரப்பிக்கொண்டாள்.

6 நாள். சாப்பிட்டாள், பரீட்சை எழுதினாள், அப்பாவின் மொக்கை ஜோக்குகளுக்குச் சிரித்தாள். தன் துணியைத் தானே மடித்து வைத்தாள். பொறுப்பு வந்துவிட்டது என்று நாங்கள் இரண்டு பேரும் பெருமைப்பட்டுக்கொண்டோம். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றதற்கு அவள் சொன்ன பதில்: "கேட்டா நீ அழுவேன்னு நெனச்சேன்."

அன்றைக்கே உட்காரவைத்துச் சொன்னேன். நாலைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது. வலிக்குமா என்று கேட்டாள். எனக்கும் வருமா என்று கேட்டாள். உனக்கு முடியாமல் போனால் என்னை யார் ஸ்கூலில் கொண்டுபோய் விடுவார்கள் என்று கேட்டாள். மூன்றாவது கேள்விக்கான பதில்தான் அவளுக்கு ரொம்ப முக்கியமாக இருந்தது. (அது சாதாரணக் கட்டிதான் என்று ரிசல்ட் வந்துவிட்டது. இன்பாக்ஸில் விசாரிக்கப் போகிறவர்களுக்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

நாம் ரகசியம் காப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அந்த வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டுகிறோம். விஷயம் என்னவென்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஏதோ இருக்கிறது என்பதும், அதைக் கேட்கக் கூடாது என்பதும் தெளிவாகத் தெரியும். பேச்சு சட்டென்று நிற்பது, கதவு மூடுவது, "அது உனக்கெதுக்கு, போய்ப் படி" என்று சொல்லும்போது குரலில் வரும் அந்த அவசரம் எல்லாவற்றையும் படித்துவிடுவார்கள். பாடப் புத்தகத்தைவிட நம் முகத்தைத்தானே அவர்கள் அதிக நாள் படித்திருக்கிறார்கள்.

இது என் மகளுடைய தனிக் குணம் இல்லை. மைரா புளூபாண்ட்-லேங்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர், ரத்தப் புற்றுநோயோடு மருத்துவமனையில் இருந்த குழந்தைகளோடு பழகி எழுதிய ஆய்வு 1978இல் வெளிவந்தது. பெரும்பாலும் 3 முதல் 9 வயதுக்குள் இருந்த பிள்ளைகள். பிழைக்க மாட்டீர்கள் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மருந்துகளை வைத்தும், பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்பதை வைத்தும், பெரியவர்கள் நடந்துகொண்ட விதத்தை வைத்தும் ஊகித்திருந்தார்கள். தெரிந்தும் பெற்றோரிடம் வாய் திறக்கவில்லை. அம்மாவும் அப்பாவும் எதை நடிக்கிறார்களோ அதையே திருப்பி நடித்தார்கள். இரண்டு பக்கமும் தெரிந்துகொண்டே தெரியாதமாதிரி இருப்பதற்குச் சமூகவியலில் 'பரஸ்பரப் பாசாங்கு' என்றே ஒரு பெயர் இருக்கிறது.

சொன்னால் குழந்தை நொறுங்கிவிடும் என்பதுதானே நம் பயம்? ஸ்வீடனில், புற்றுநோயால் குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோர்களிடம் கேட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். 2004இல் வெளியானது. குழந்தையோடு மரணத்தைப் பற்றிப் பேசியிருந்த 147 பேரில் ஒருவர்கூட ஏன் பேசினோம் என்று வருந்தவில்லை. பேசாமல் விட்ட 258 பேரில் 69 பேர், பேசியிருக்கலாமே என்று வருந்தினார்கள். பேசாதவர்களிலும் பெரும்பான்மையோர் வருந்தவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த 147க்குப் பக்கத்தில் இருக்கும் பூஜ்யத்தை என்னால் மறக்க முடியவில்லை.

நோயாவது நாலு மாதத்தில் ஒரு முடிவுக்கு வரும். பிறப்பு பற்றிய ரகசியம் அப்படி இல்லை.

நண்பர் ஒருவர் தத்துப்பிள்ளை. அவருக்கு அது தெரிந்தது 34 வயதில், அப்பா இறந்த பிறகு, வயதான உறவினர் ஒருவர் பேச்சுவாக்கில் உளறியதில். தத்தெடுத்ததில் அவருக்கு எந்த வருத்தமும் இல்லை. அவரைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. பழைய ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பார்த்திருக்கிறார்: இவருக்குத் தெரியும், இவருக்கும் தெரியும், இந்தச் சித்திக்கு நிச்சயம் தெரியும். "ஊருக்கே தெரிஞ்ச விஷயம், எனக்கு மட்டும்தான் ரகசியம்" என்றார். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்ததால் பரம்பரையாக நமக்கும் வரும் என்று பயந்து 20 வயதிலிருந்தே இனிப்பைத் தொடாமல் இருந்தவர் அவர். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு காலத்தில் தத்துக் கொடுக்கிறவர்களே, சொல்லாதீர்கள் என்றுதான் அறிவுரை சொன்னார்கள். பல நாடுகளில் அசல் பிறப்புச் சான்றிதழை முத்திரை வைத்துப் பூட்டினார்கள். ஆனால் ஸ்காட்லாந்து 1930லேயே, வளர்ந்த தத்துப்பிள்ளைகள் தங்கள் அசல் பதிவைப் பார்க்கலாம் என்று விட்டது. பக்கத்திலேயே இருக்கிற இங்கிலாந்தும் வேல்ஸும் அந்த உரிமையைக் கொடுத்தது 1975ஆம் ஆண்டுச் சட்டத்தில். 1989இல் ஐ.நா. நிறைவேற்றிய குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 7ஆவது பிரிவு, தன் பெற்றோர் யார் என்று அறியும் உரிமை, முடிந்தவரை, குழந்தைக்கு உண்டு என்கிறது. விந்துதானத்தில் பிறந்தவர்கள் வளர்ந்த பிறகு தானம் தந்தவர் யார் என்று அறிய ஸ்வீடன் 1985இல் வழிவிட்டது. பிரிட்டன் 2005இல். இப்போதோ சட்டம்கூட வேண்டாம். ஒரு குப்பியில் எச்சில் துப்பி மரபணுச் சோதனைக்கு அனுப்பினால், எங்கோ இருக்கிற ஒன்றுவிட்ட சகோதரன் பெயரோடு வந்து நிற்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான்.

அதற்காக எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டுமா? இல்லை. "எங்கள் வீட்டில் பிள்ளைகளிடம் எதையும் மறைப்பதே இல்லை" என்று பெருமை பேசுகிறவர்களைப் பார்த்தாலும் எனக்குக் கொஞ்சம் பயம்தான். கணவன் மேல் இருக்கும் கோபத்தையெல்லாம் 9 வயதுப் பையனிடம் இறக்கிவைக்கிற அம்மாக்கள் இருக்கிறார்கள். அது வெளிப்படைத்தன்மை இல்லை, சுமை மாற்றுதல். என் கல்யாணத்துக்கு முந்தைய காதல், எனக்கும் கணவருக்கும் நடக்கும் சண்டையின் உள்விவரம், யாருக்கு எவ்வளவு கடன் என்கிற கணக்கு, இதெல்லாம் என்னுடையவை. அவள் கேட்டாலும் "அது என் சொந்த விஷயம்" என்று சொல்லும் உரிமை எனக்கு உண்டு. அப்படிச் சொல்வது மறைப்பதும் ஆகாது, பொய்யும் ஆகாது. ஆனால் அவள் எப்படிப் பிறந்தாள், அவள் உடம்பில் என்ன ஓடுகிறது, அவள் தூங்கி எழும் வீட்டில் நாளை என்ன மாறப்போகிறது, இவையெல்லாம் அவளுடையவை. நான் வெறும் காவல்காரி. கடன் எவ்வளவு என்பது என்னுடையது. அதனால் வீடு மாறப்போகிறோம் என்பது அவளுடையது.

எப்போது சொல்வது என்று கேட்பார்கள். "வளர்ந்த பிறகு" என்று நாம் குறித்து வைக்கிற அந்த நாள் காலண்டரில் வருவதே இல்லை. பரீட்சை முடிந்தால் அடுத்த பரீட்சை, அது முடிந்தால் வேலை, கல்யாணம்.

ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டேன். அவருக்கு 70 வயது. அவரிடமும் அதுவரை மூச்சு விட்டிருக்கவில்லை. வயதானவர், பதறிப்போவார் என்றுதான். ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டதே, இப்போது சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். குறுக்கே கேட்டார்:

"ஏம்மா, ஒரு வாரமா நீ பேசும்போதெல்லாம் தண்ணி ஓடுற சத்தம் கேக்குதே, என்ன விஷயம்?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மெதுவாக, போன வருஷம் தனக்கும் இதே இடத்தில் ஒரு கட்டி வந்ததென்றும், ஆபரேஷன் செய்து எடுத்ததென்றும், அது சாதாரணக் கட்டி இல்லை என்றும் சொன்னார். "உனக்கு வேலை, குழந்தை, ஆயிரம் இருக்கு. பயந்துடுவேன்னு சொல்லலை."

முதல் நாள் டாக்டர் கொடுத்த படிவத்தில், குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்ற இடத்தில், 'யாருக்கும் இல்லை' என்று என் கையால் எழுதிக் கொடுத்திருந்தேன்.