ஐடா காமின்ஸ்கா வாழவில்லை, நடித்தார்

"அந்தப் பாட்டி நடிக்கவே இல்லீங்க, வாழ்ந்திருக்காங்க." போன வாரம் ஒரு நண்பர் 'தி ஷாப் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' படத்தைப் பார்த்துவிட்டு இப்படிச் சொன்னார். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் இந்த "வாழ்ந்திருக்கிறார்" மேல் எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு கடுப்பு உண்டு. ஒருவர் அறுபது வருஷம் மேடையில் நின்று கற்றுக்கொண்ட தொழிலை, ஏதோ தும்மல் மாதிரி தானாக வந்தது என்று ஆக்கிவிடுகிற பாராட்டு அது. அதிலும் அந்தப் பாட்டியாக நடித்த ஐடா காமின்ஸ்காவைப் பற்றி அப்படிச் சொல்வது அநியாயம். அதனால் இந்த நீளமான பதிவு.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. 1965ல் செக்கோஸ்லோவாக்கியாவில் வந்த படம். யான் காடார், எல்மார் க்ளோஸ் இருவரும் சேர்ந்து இயக்கியது. கதை 1942ல், ஹிட்லரோடு கைகோத்திருந்த ஸ்லோவாக்கியாவின் ஒரு சின்ன ஊரில் நடக்கிறது. யூதர்களின் கடைகளைப் பிடுங்கி 'ஆரியர்' கையில் கொடுக்கும் சட்டம் அமலில் இருக்கிறது. டோனோ என்ற தச்சனுக்கு, அதிகாரத்தில் ஒட்டிக்கொண்ட சகலையின் தயவால் ஒரு பொத்தான் கடை கிடைக்கிறது. கடைக்காரி ரோசாலியா லவுட்மான், காது கேட்காத கிழவி, விதவை. கடை பறிபோனதே அவளுக்குப் புரியவில்லை. வந்தவன் தனக்கு ஒத்தாசையாக வந்த ஆள் என்று நினைத்துக்கொள்கிறாள். கடையோ போண்டி, பெட்டிகளில் சரக்கே இல்லை. ஊர் யூதர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி டோனோவுக்குச் சம்பளம் மாதிரி ஒன்றைக் கொடுத்து, கிழவியை அவள் போக்கில் விட்டுவிடச் சொல்கிறார்கள். அவளோ செத்துப்போன கணவரின் கோட்டையும் தொப்பியையும் எடுத்து அவனுக்குப் போட்டு அழகு பார்க்கிறாள். அப்புறம் ஒருநாள் ஊர் யூதர்களையெல்லாம் சதுக்கத்துக்கு வரச்சொல்லி அறிவிப்பு வருகிறது. முடிவை நான் சொல்லப்போவதில்லை. நாடு கடத்திய ஒவ்வொரு யூதருக்கும் 500 மார்க் வீதம் ஸ்லோவாக்கியா அரசு ஜெர்மனிக்குக் கட்டணம் கட்டியது என்பது வரலாறு. ஆளைப் பிடித்துக் கொடுத்து, அதற்குக் காசும் கொடுத்தார்கள்.

சரி, நடிப்புக்கு வருகிறேன்.

காது கேட்காதவராக நடிப்பது என்றால் சினிமாவில் வழக்கமாக என்ன செய்வார்கள்? கையைக் காதருகே குவித்து "ஆங்?" என்பார்கள். எங்கள் வீட்டில் காது மந்தமான பெரியத்தை ஒருவர் இருந்தார். அவர் ஒருநாளும் "ஆங்?" என்று கேட்டதில்லை. கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே. முதலில் சிரிப்பார். எதிராளியின் வாயைப் பார்ப்பார். இவன் இன்னதுதான் சொல்லியிருப்பான் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு, அந்தக் கணக்குக்குப் பதில் சொல்வார். "கரண்ட் பில் கட்டியாச்சா அத்தை?" என்றால் "இப்பத்தான் சாப்பிட்டேன் கண்ணு" என்று வரும், அதுவும் முழு நம்பிக்கையோடு.

காமின்ஸ்கா செய்வது அச்சு அசலாக இதையே. டோனோ தன் நியமனக் காகிதத்தை நீட்டித் தொண்டை கிழியக் கத்துகிறான். தனக்குக் கேட்கவில்லை என்பதை அவள் முகம் ஒப்புக்கொள்வதே இல்லை. தனக்குத் தோன்றிய ஒரு அர்த்தத்தை வைத்துக்கொண்டு மரியாதையாக, நிதானமாகப் பேசிக்கொண்டே போகிறாள். பதில்கள் எல்லாம் அரை விநாடி தாமதமாக வருகின்றன. சிரிப்பு மட்டும் அரை விநாடி முன்னாலேயே வந்துவிடுகிறது. இதெல்லாம் தானாக வராது. எண்ணி எண்ணிச் செய்கிற வேலை.

அந்த நேரத்தில் ஐடாவுக்கு வயது 65ஐ ஒட்டி. காதும் நன்றாகக் கேட்கும், உலகமும் நன்றாகத் தெரியும். போலந்துத் தலைநகர் வார்சாவில் அரசு யூத நாடக அரங்கை நிர்வகித்துக்கொண்டிருந்தார். இயக்கம், மொழிபெயர்ப்பு, முக்கிய வேடம், நடிகர்களின் சம்பளப் பிரச்சினை எல்லாம் அவர் தலையில்தான். பழைய வார்த்தையில் சொன்னால் கம்பெனி முதலாளியம்மா.

அவர் பிறந்ததே நாடகக் கம்பெனியில்தான். 1899ல், அன்றைய ரஷ்யப் பேரரசின் ஒடெசா நகரில். அப்பா ஆபிரகாம் ஐசக் காமின்ஸ்கி கம்பெனி நடத்தியவர். அம்மா எஸ்தர் ராகேல் காமின்ஸ்காவை யிட்டிஷ் நாடகத்தின் தாய் என்றே சொல்வார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வீட்டில் பேசிய மொழி யிட்டிஷ். போருக்கு முன்னால் உலகம் முழுக்க ஒரு கோடிப் பேருக்கு மேல் பேசினார்கள். ஆனால் ரஷ்யப் பேரரசில் 1883லிருந்து யிட்டிஷ் நாடகத்துக்குத் தடை இருந்தது. கம்பெனிகள் என்ன செய்தன என்றால், 'ஜெர்மன் நாடகம்' என்று அனுமதி வாங்கிக்கொண்டு, போலீஸ் அதிகாரியைப் பொறுத்து ஜெர்மனையும் யிட்டிஷையும் கலந்து அடித்தன. அப்படிப்பட்ட தொழிலில் வளர்ந்த பெண்.

'மிரேலே எஃப்ரோஸ்' என்று ஒரு நாடகம். யாக்கோப் கோர்டின் எழுதியது. பணக்கார விதவைத் தாய் ஒருத்தி பிள்ளைகளிடம் சொத்தையும் அதிகாரத்தையும் இழந்து வீட்டை விட்டு வெளியேறுகிற கதை. ஷேக்ஸ்பியரின் லியர் ராஜாவைப் பெண்ணாக்கி யூதக் குடும்பத்துக்குள் வைத்த மாதிரி. ஐடாவின் அம்மாவுக்குப் பெயர் வாங்கித் தந்த வேடங்களில் மிரேலே முக்கியமானது. 1912ல் அதைப் படமாக எடுத்தபோது, பாட்டியைத் திரும்ப அழைக்க வரும் பேரன் வேடம் ஐடாவுக்கு. பாலபார்ட்! பின்னாளில் அதே மிரேலேவை ஐடாவே நடித்தார். 1967ல் தன் வார்சா குழுவை நியூயார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போய், பிராட்வே அரங்கில் யிட்டிஷிலேயே போட்ட நாடகங்களில் இதுவும் ஒன்று. பேரனாகத் தொடங்கிப் பாட்டியாக வந்து சேர 55 வருஷம்.

இடையில் நடந்ததைத்தான் நம்மால் சாதாரணமாகச் சொல்ல முடியாது. 1920களில் முதல் கணவர் சிக்முண்ட் துர்கோவுடன் சேர்ந்து வார்சாவில் யிட்டிஷ் கலை அரங்கைத் தொடங்கினார். மலிவான பாட்டுக் கூத்து மட்டும்தான் யிட்டிஷ் நாடகம் என்று நினைத்தவர்களுக்கு, உலக நாடகங்களை இந்த மொழியில் போட்டுக் காட்டினார்கள். அந்த வார்சாவில் மூன்றில் ஒருவர் யூதர், கிட்டத்தட்ட மூன்றரை லட்சம் பேர். டிக்கெட் வாங்க ஆள் இருந்தது, சண்டை போட விமர்சகர்கள் இருந்தார்கள். 1925ல் அம்மா இறந்தபோது இறுதி ஊர்வலத்தில் கூட்டம் அலைமோதியது.

1939ல் போர். ஐடாவும் இரண்டாவது கணவர் மெல்மனும் சோவியத் பக்கம் ஓடி லிவிவ் நகரில் யிட்டிஷ் அரங்கு நடத்தினார்கள். 1941ல் ஜெர்மானியர் அங்கேயும் வந்துவிட, இன்னும் கிழக்கே, கிர்கிஸ்தானில் இன்று பிஷ்கெக் எனப்படும் ஊர் வரைக்கும் போனார்கள். போர் முடிந்து திரும்பும் நேரத்தில் மகள் ரூத் சிக்கிக்கொண்டார். ரூத்தின் கணவர் ஆடி ரோஸ்னர் சோவியத் யூனியனில் பெயர்போன ஜாஸ் டிரம்பெட் கலைஞர். அவரை 1946ல் கைது செய்து முகாமுக்கு அனுப்பினார்கள். ரூத்தைக் கஜகஸ்தானுக்கு நாடு கடத்தினார்கள். ஹிட்லரிடமிருந்து தப்பியவர்களை ஸ்டாலின் பிடித்துக்கொண்டார்.

வார்சாவுக்குத் திரும்பினால் வார்சாவே இல்லை. போலந்தின் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களில் பத்தில் ஒன்பது பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். ஒரு நாடகக்காரிக்கு இதன் அர்த்தம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். நடிகை இருக்கிறார், நாடகம் இருக்கிறது, பார்வையாளர் இல்லை. வசனத்தின் நடுவே வரும் ஒரு பழமொழிக்குச் சரியான இடத்தில் சிரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. அந்த நிலையில், 1949-50 வாக்கில் அரசு யூத அரங்கு உருவானபோது அதன் பொறுப்பை ஏற்றார். முதலில் லோட்ஸ் நகரில், 1955லிருந்து வார்சாவில். வந்தவர்களில் பலருக்கு யிட்டிஷ் தெரியாது. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு போலிஷ் மொழிபெயர்ப்பில் கேட்டார்கள். மேடையில் நின்று பார்த்தால் எதிரே தலைகளும் ஹெட்போன்களும். ஒரு ஜோக்கைச் சொன்னால் மொழிபெயர்ப்பு போய்ச் சேர்ந்த பிறகுதான் சிரிப்பு வரும்.

இப்போது லவுட்மான் அம்மாளின் அந்த அரை விநாடித் தாமதத்துக்குத் திரும்பிப் போங்கள். சொன்னது போய்ச் சேராத இடத்தில், அது போய்ச் சேரும்வரை காத்திருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியும். இது என் ஊகம்தான், ஆதாரம் கேட்காதீர்கள். ஆனால் பத்து வருஷம் அப்படிப்பட்ட அரங்கில் நடித்தவருக்கு அந்தத் தாமதம் பழக்கமாகியிருக்காதா என்ன?

கான் திரைப்பட விழாவில் 1965ல் ஐடாவுக்கும், டோனோவாக நடித்த யோசெஃப் க்ரோனருக்கும் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. படம் சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. அமெரிக்காவில் தாமதமாக வெளியானதால் ஐடாவின் பெயர் அடுத்த வருஷத்துச் சிறந்த நடிகை பட்டியலில் வந்தது. விருது எலிசபெத் டெய்லருக்குப் போனது. அதில் எனக்குப் புகார் இல்லை. ஐடாவை 67 வயதில் 'கண்டுபிடித்தோம்' என்கிற மாதிரி உலகம் பேசியதில்தான் எரிச்சல். நூற்றுக்கும் மேற்பட்ட வேடங்கள் கட்டியவரைக் கண்டுபிடிப்பதாம்!

இன்னொன்றும் உண்டு. "தன் சோகத்தையே நடித்தார்" என்பார்கள். கிடையாது. லவுட்மான் அம்மாளுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று எதுவும் தெரியாது. ஐடாவுக்கு எல்லாம் தெரியும். எல்லாம் தெரிந்த ஒருத்தி, ஒன்றும் தெரியாதவளின் முகத்தை இரண்டு மணிநேரம் கலையாமல் வைத்திருக்கிறாள். கடைசியில், கடை ஜன்னல் வழியே சதுக்கத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிற அந்த ஒரு தருணம் வரைக்கும், தனக்குத் தெரிந்ததில் ஒரு துளியைக்கூடக் கண்ணில் கசிய விடவில்லை. நான் அந்த இடத்தை நாலைந்து தடவை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன்.

1968ல் போலந்து அரசே யூதர்களுக்கு எதிரான பிரசாரத்தில் இறங்கியது. அதற்கும் ஒரு நாடகம்தான் முன்கதை. ஜனவரியில் வார்சா தேசிய அரங்கில் போலந்தின் தேசியக் கவி மிக்கியெவிச்சின் நாடகத்தை நிறுத்தினார்கள், மார்ச்சில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், அரசு பழியைத் தூக்கி 'சியோனிஸ்டுகள்' தலையில், அதாவது இஸ்ரேல் ஆதரவாளர்கள் என்று பெயர் சூட்டி யூதர்கள் தலையில், போட்டது. வேலை நீக்கம், கூட்டங்களில் வசவு. நாட்டை விட்டுப் போகிறவர்கள் குடியுரிமையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். கையில் கிடைக்கும் பயணத்தாளில் 'இதை வைத்திருப்பவர் போலந்துக் குடிமகன் அல்ல' என்று இருக்கும். அடுத்த சில வருஷங்களில் சுமார் 13,000 பேர் அப்படிப் போனார்கள். ஐடாவும் மெல்மனும் அந்த வருஷமே கிளம்பிவிட்டார்கள்.

அதே வருஷம் ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகாவுக்குள் நுழைய, இயக்குநர் காடாரும் தன் நாட்டை விட்டு வெளியேறினார். இருவரும் அமெரிக்காவில் சந்தித்து, 1970ல் 'தி ஏஞ்சல் லெவைன்' படத்தில் மறுபடி சேர்ந்து வேலை செய்தார்கள். படம் சுமார்தான். நியூயார்க்கில் நிலையான யிட்டிஷ் அரங்கு அமைக்க ஐடா முயன்றார், நடக்கவில்லை. கொஞ்ச காலம் இஸ்ரேலிலும் இருந்தார். 1980 மே மாதம் நியூயார்க்கில் காலமானார்.

அவர் வார்சாவை விட்டுக் கிளம்பியபோது க்ஷிபோவ்ஸ்கி சதுக்கத்தில் அவருடைய அரங்குக்காகப் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. 1970ல் திறந்தார்கள். அரங்கின் பெயரில் அம்மா, மகள் இருவருமே இருக்கிறார்கள். சில வருஷங்களுக்கு முன் அந்தக் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். அது திறப்பதற்கு முன்பே ஐடா நாட்டை விட்டுப் போயிருந்தார்.