வீட்டு நெட் செலவு: கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில் போட்ட கணக்கு

எங்கள் வீட்டில் நான்கு செல்போன். நான்குக்குமே 28 நாளுக்கு 349 ரூபாய் பேக். மாதம் 1,396 தானே என்று இத்தனை நாளும் இருந்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில் கூட்டிப் பார்த்தபோதுதான் உறைத்தது. 28 நாள் என்றால் வருடத்துக்கு 12 முறை அல்ல, 13 முறை. மொத்தம் 18,148 ரூபாய். 30 நாள் பேக் ஒன்றாவது வைத்தாக வேண்டும் என்று 2022இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. வைத்தும் இருக்கிறார்கள். ஆனால் கடையில் போய் நின்றால் கடைக்காரர் நம்மைக் கேட்காமலே 28 நாளைத்தான் போட்டுவிடுகிறார்.

சரி, ஃபைபர் இழுத்துவிடலாம் என்று இறங்கினேன். தட்டியில் மாதம் 399, பில்லில் 470.82, முழுசாக 471. செல்போன் ரீசார்ஜில் 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளேயே அடங்கியிருக்கும். ஃபைபர்காரர்கள் அதை வாசலில் நிறுத்திவிட்டு விலை சொல்வார்கள். 471 ரூபாய்க்கு 3,300 ஜிபி, அதாவது ஜிபி 14 பைசாதான் என்றார் இணைப்புக் கொடுக்க வந்த தம்பி. தம்பி, 3,300 ஜிபியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? முதல் மாதம் ஓடியது 140 ஜிபி. அப்படிப் பார்த்தால் ஜிபி மூன்றரை ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. கொடுத்த அளவை வைத்து வகுக்கக் கூடாது, தின்ற அளவை வைத்து வகுக்க வேண்டும். இதே கணக்கை அம்மாவின் போனுக்குப் போட்டால் வயிறு எரிகிறது. தினம் ஒன்றரை ஜிபி. அம்மா பார்ப்பது காலையில் ஒரு ராசிபலன், சாயங்காலம் பேத்தியின் வீடியோ கால். மிச்சமெல்லாம் நள்ளிரவு 12 மணிக்குக் காலாவதி.

ஃபைபர் வந்துவிட்டதே, ரீசார்ஜை நிறுத்திவிடலாமா என்றால் அதுவும் முடியாது. பேங்க் ஓடிபி, சிலிண்டர் புக்கிங் எல்லாம் அந்த நம்பரில்தான் இருக்கின்றன. டேட்டா இல்லாமல் கால், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள பேக் கொடுக்கச் சொல்லி 2024 டிசம்பரில் டிராய் சொன்ன பிறகுதான் ஒரு வழி பிறந்தது. அம்மாவுக்கும் மனைவிக்கும் வருடத்துக்கு 1,849 ரூபாய் பேக் போட்டேன். இரண்டு பேருக்கும் 3,698. எனக்கும் மகனுக்கும் பழைய 349 தொடர்கிறது, அது 9,074. ஃபைபர் 5,650. ஆக மொத்தம் 18,422.

ஆமாம், முன்பைவிட 274 ரூபாய் கூட! ஃபைபர் போட்டால் காசு மிச்சம் என்று யாராவது சொன்னால் அவர்கள் வீட்டு ரீசார்ஜையும் சேர்த்துக் கூட்டினார்களா என்று கேளுங்கள். இதுபோக, கரண்ட் போனால் நெட்டும் போய்விடுகிறது என்று 1,400 ரூபாய்க்கு ஒரு குட்டி யுபிஎஸ். பழைய இடத்தில் ரவுட்டருக்குக் கட்டிய 1,500 ரூபாய் டெபாசிட், "மேனேஜர் வரட்டும் சார்" என்ற பதிலோடு இரண்டு வருடமாகத் தூங்குகிறது.

ஃபைபரே வேண்டாம், என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளலாம் என்றால் ஃபைபர் காசு போக வருடம் 12,772 ரூபாயில் முடியும். இருப்பதிலேயே மலிவு அதுதான். ஆனால் காலை எட்டரைக்கு வீட்டு நெட் என் சட்டைப்பையில் ஏறி வேலைக்குப் போய்விடும்.

அதனால் ஃபைபரை வைத்துக்கொள்வது என்றே முடிவு. நாலு பேரும் டேட்டா தீர்ந்தது என்று சண்டை போடாமல் இருக்க 274 ரூபாய் தாராளமாகக் கொடுக்கலாம். மகனையும் 1,849க்கு மாற்றினால் இன்னும் 2,688 மிச்சம் என்று பேச்செடுத்தேன். "காலேஜ் பஸ்ல ஒன்றரை மணி நேரம் ஜன்னலையே பார்த்துட்டு வரவாப்பா?" என்கிறான். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. அவன் அம்மா அவன் பக்கம்.