"அப்படி மட்டும் எழுதிவிடாதீர்கள், தம்பி"

புது வீட்டு நிலைவாசலுக்கு ஒரு கஜலட்சுமிப் பலகை செய்யக் கொடுப்பதற்காகப் போன மாதம் அரும்பாவூர் போயிருந்தேன். பெரம்பலூர் மாவட்டம், பச்சைமலை அடிவாரம். பட்டறை என்றதும் பெரிய கூடத்தை எதிர்பார்த்தேன். வீட்டுத் திண்ணையும் அதையொட்டி இறக்கிய தகரக் கொட்டகையும்தான் பட்டறை. அறுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் முருகனைப் பாதங்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு செதுக்கிக்கொண்டிருந்தார். நான் பார்த்த பார்வையைப் புரிந்துகொண்டு, "கண் திறக்கும்வரை மரம்தான்" என்றார்.

"உங்களைப் பற்றி முகநூலில் எழுதட்டுமா ஐயா? அழிந்துவரும் கலை..." என்று ஆரம்பித்தேன்.

"அப்படி மட்டும் எழுதிவிடாதீர்கள், தம்பி. பையனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம்."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

நாம் உருகி உருகி எழுதும் இரங்கற்பாக்களை எல்லாம் பெண் வீட்டாரும் படிக்கிறார்கள் என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. அவருக்கு அது தொழில். காலையில் உட்கார்ந்தால் மாலையில் இடுப்பு வலிக்கிற தொழில். வாகையோ மாவோ, வாங்கிய மரத்தை முதலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈரம் தங்கினால் பின்னால் வெடிக்கும். தாளில் வரைந்த உருவைக் கட்டையில் படியெடுத்து, வேண்டாததை வெட்டித் தள்ளிவிட்டு, அதன் பிறகே சிற்றுளிகள். அரும்பாவூர் வேலைக்குப் பெயரே ஒரே கட்டையில் குடைந்தெடுப்பதுதான். ஆகவே நார் ஓடும் திசையைக் கவனிக்காமல் ஒரு தட்டுத் தட்டி, கடைசி நாளில் சிலையின் விரல் நுனி பெயர்ந்தால், அத்தனை நாள் கூலியும் அதோடு போயிற்று.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, சொன்ன விலையில் இரண்டாயிரம் குறைக்கச் சொன்னேன். டைல்ஸ் கடையில் பில்லைப் பார்த்து வாயே திறக்காமல் பணம் கட்டிய அதே நான்தான். அவர் கோபப்படவில்லை, எத்தனை நாள் வேலை என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். முழுத்தொகைக்கு ஒப்புக்கொண்டேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை, வெட்கம்.

அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அது காப்பது ஊரின் பெயரை. உளி பிடித்தவரின் பெயரை அல்ல. 2019இல் காஞ்சிபுரத்தில் அத்திவரதரைப் பார்க்க நாள் தவறாமல் கூட்டம் நெரிந்ததே, நானும் மணிக்கணக்கில் நின்றேன். நாற்பது ஆண்டு நீருக்குள் இருந்த அதிசயத்தைப் பற்றி வரிசை முழுக்கப் பேச்சு. அந்த அத்தி மரத்தில் முதல் உளி வைத்த கை யாருடையது என்று என் காதுபட ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்தக் குற்றவுணர்ச்சியில்தானோ என்னவோ, முன்பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, "பலகைக்குப் பின்பக்கம் பெயரைச் செதுக்கிவிடுங்கள் ஐயா" என்றேன்.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"சொல்லுங்கள் தம்பி, இனிஷியலோடு போடவா?"