வாக்குறுதி கொட்டை எழுத்தில், நிபந்தனை பொடி எழுத்தில்

அப்பாவின் கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பணம் தர இயலாது என்று காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கடிதம் வந்த நாள் முதல் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பாலிசி எடுத்து இரண்டு ஆண்டுகள் முடியும்வரை கண்புரைக்குப் பணம் கிடையாதாம். அது பாலிசிப் புத்தகத்தின் உள்ளே எங்கோ, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆனால் அவரை அந்தப் பாலிசி எடுக்கவைத்த விளம்பரமோ நல்ல தமிழில் பேசியது. மருத்துவமனைப் படிகளில் மகள் தந்தையின் கையைப் பற்றி மெல்ல இறக்கி அழைத்துவருவாள். தாலாட்டுப் போல ஒரு வரி ஒலிக்கும். அதை அம்மா அடுப்படியில் நின்று முணுமுணுக்கும் அளவுக்கு அது எங்கள் வீட்டுக்குள் புகுந்திருந்தது. கடைசி இரண்டு நொடிகளில் ஒருவர் மூச்சுவிடாமல் ஒப்பித்த நிபந்தனை மட்டும் எவர் காதிலும் விழவில்லை.

நெஞ்சைத் தொடப் பேசுவதை நான் குற்றம் சொல்லவில்லை. 1967 தேர்தலில் அண்ணா ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்றார். எது ஆசை, எது உறுதி என்பதை அந்த முழக்கமே பிரித்துச் சொன்னது. அந்த ஒரு படி அரிசித் திட்டம் சென்னை, கோவையைத் தாண்டவில்லை என்பது உண்மைதான்; ஆனால் எதைக் கணக்குக் கேட்க வேண்டும் என்பது மக்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. இன்றோ மேடையில் ‘எல்லோருக்கும்’ என்று முழங்கிய சொல், வென்றபின் அரசாணையில் ‘தகுதியுள்ளவர்களுக்கு’ என்று சுருங்கிவிடுகிறது. என் வயிறு எரிவது இதற்குத்தான்.

விளம்பரத்தில் நிபந்தனை, வாக்குறுதி சொல்லப்பட்ட அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும், வாக்குறுதியைக் குரலில் சொன்னால் நிபந்தனையும் அதனோடு சேர்ந்து அதே வேகத்தில் வர வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் நெறிமுறையே வெளியிட்டிருக்கிறது. ஏமாற்றும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும், எழுபது வயதில் ஒரு மனிதர் மனைவியின் வளையலை அடகு வைத்துத்தான் கண்ணுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது.

நான் புகார் எழுதியிருக்கிறேன். அந்தக் கடைசி இரண்டு நொடிகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து எழுதி இணைத்திருக்கிறேன். அதற்கு மட்டும் அரை மணி நேரம் ஆயிற்று.