பிப் பின்பக்கம் யாருடைய நம்பர்?

வேலூரில் ஓடுகிற நண்பர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும், எங்கள் ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் இந்த வாரம் பெரிய சண்டை, தன்பாலின ஈர்ப்பைப் பற்றி. அங்கே எழுதினால் துண்டு துண்டாகப் போகிறது, சொல்ல வந்ததை முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

ஆரம்பித்தது வெயிலில். கோடையில் நம் ஊரில் ஒரு மாரத்தான் நடத்த முடியுமா, பகலில் முடியாது என்றால் ராத்திரியில் வைக்கலாமா என்று ஒரு அண்ணன் கேட்டார். அக்னி நட்சத்திரத்தில் காலை ஏழு மணிக்கே சத்துவாச்சாரி சர்வீஸ் ரோடு எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உடனே இன்னொருவர் கத்தார் தலைநகர் தோகாவை எடுத்துப் போட்டார். 2019 செப்டம்பர் 27, உலக தடகளப் போட்டி, பெண்கள் மாரத்தான். வெயிலுக்குப் பயந்து இரவு 11.59-க்கு ஓட விட்டார்கள். அப்படியும் 30 டிகிரிக்கு மேல் சூடு, 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம். ஓட ஆரம்பித்த 68 பேரில் 28 பேரால் முடிக்க முடியவில்லை, சிலரை சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். ஜெயித்த கென்யாவின் ரூத் செப்ங்கெடிச் எடுத்துக்கொண்டது 2 மணி 32 நிமிடம் 43 விநாடி. அதே ஆண்டு ஜனவரியில் துபாயில் 2 மணி 17 நிமிடத்தில் ஓடியவர் அவர். கால் மணி நேரம் கூடுதல்! அடுத்த மாதமே டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானை வடக்கே சப்போரோவுக்கு மாற்றினார்கள் என்றால் அந்த ராத்திரி எவ்வளவு பேரை பயமுறுத்தியது என்று பாருங்கள்.

இதுவரை நல்ல விவாதம். ராத்திரி மாரத்தான் வேண்டாம் என்பதுதான் என் கருத்தும்.

அப்புறம் எங்கள் குழுவில் இருக்கிற கல்லூரி மாணவி ஒருத்தி, வெயில் மட்டுமா பிரச்சினை, கத்தாரில் தன்பாலின ஈர்ப்பு சட்டப்படி குற்றம், ஒரு பெண்ணைக் காதலிப்பதாக வெளிப்படையாகச் சொன்ன நம் நாட்டு டுட்டி சந்த் அதே போட்டியில்தான் 100 மீட்டர் ஓடினார், அவர் மனசு எப்படி இருந்திருக்கும் என்று எழுதினாள். அவ்வளவுதான். "ஓட்டத்துக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்" என்று ஒருவர். "வீட்டோட வெச்சுக்கட்டும், ரோட்டுக்கு ஏன் வரணும்" என்று இன்னொருவர். "நம்ம ஊர்ல அதெல்லாம் எங்க சார் கீது" என்று மூன்றாமவர். அதற்குப் பின்னால் வரிசையாகக் கேலிப் படங்கள், சிரிப்புப் பொம்மைகள். அந்தப் பெண் பதிலே எழுதவில்லை. மறுநாள் காலை ஓட்டத்துக்கும் வரவில்லை.

கத்தார் சட்டத்தைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. அது அந்த நாட்டு விஷயம் என்று சொன்ன அண்ணனுக்கு: நம் நாட்டிலேயே தன்பாலின உறவைக் குற்றமாக்கி வைத்திருந்த 377-ஆவது பிரிவின் அந்தப் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றுதான் வெட்டியது. தோகா போட்டிக்கு ஒரே ஒரு வருஷம் முன்னால். அதற்கு அடுத்த மே மாதம்தான் டுட்டி தன் ஊர்ப் பெண் ஒருவரைக் காதலிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். ஒடிசாவில் ஜாஜ்பூர் மாவட்டம், சாகா கோபால்பூர், நெசவாளர் குடும்பம். நம் குடியாத்தத்தில் தறி இருக்கிற எந்தத் தெருவில் வேண்டுமானாலும் அந்த வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். கூடப் பிறந்த அக்காவே எதிர்த்தார், ஊரும் முகம் சுளித்தது. ஜூலையில் அவர் இத்தாலி போய், நேப்பிள்ஸில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியில் 11.32 விநாடியில் 100 மீட்டர் தங்கம் வாங்கினார். அந்தப் போட்டியில் 100 மீட்டர் தங்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். அப்போது இதே குழுவில் கைதட்டினோம். அவர் யாரைக் காதலிக்கிறார் என்று தெரிந்துதான் கைதட்டினோம்.

பின்னாளில் அவருக்கு ஊக்கமருந்துத் தடை வந்தது என்று ஒருவர் நினைவுபடுத்தினார். வந்தது, நான்கு வருஷத் தடை. அதைக் கண்டிக்க வேண்டும் என்றால் கண்டியுங்கள், நானும் சேர்ந்து கண்டிக்கிறேன். அவர் காதலுக்கும் அந்தத் தடைக்கும் என்ன தொடர்பு? தடை வாங்கிய எத்தனையோ வீரர்களின் மனைவியை யாராவது இழுத்தோமா?

இன்னொரு குழப்பமும் நடந்தது, சாந்தி சௌந்தரராஜனையும் இதில் சேர்த்துவிட்டார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துச் சூளைத் தொழிலாளியின் மகள், 2006-இல் இதே தோகாவில் ஆசிய விளையாட்டு 800 மீட்டரில் வெள்ளி வாங்கி, பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறிகொடுத்தவர். அது உடல் பற்றிய சோதனை. 2014-இல் டுட்டியை காமன்வெல்த் போட்டிக்கு அனுப்பாமல் நிறுத்தியதும் உடம்பில் சுரக்கிற டெஸ்டோஸ்டிரோன் அளவை வைத்துத்தான், அதை எதிர்த்து அவர் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய் 2015-இல் ஓடும் உரிமையைத் திரும்ப வாங்கினார். யாரைக் காதலிக்கிறோம் என்பது முற்றிலும் வேறு. சாந்திக்காக இங்கே எல்லோரும் உருகுகிறோம், நம் பெண் என்கிறோம், உருக வேண்டியதுதான். அந்த உருக்கம் டுட்டி "நான் ஒரு பெண்ணைக் காதலிக்கிறேன்" என்று சொன்ன இடத்தில் ஏன் வறண்டு போகிறது என்பதுதான் என் கேள்வி.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "ஓட்டத்துக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்."

மாரத்தான் ஓடுகிறவர்கள் எல்லோரும் உங்கள் பிப்பை, அதாவது பனியனில் குத்திக்கொள்கிற நம்பர் அட்டையை, திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் நம்பர், உள்ளே ஓடும் நேரத்தைக் குறிக்கிற டைமிங் சிப். பின்பக்கம் பொடி எழுத்தில் சில கோடுகள் இருக்கும்: பெயர், ரத்த வகை, மருந்து ஒவ்வாமை, அவசரத்துக்கு யாரை அழைப்பது, அவர் உங்களுக்கு என்ன உறவு, போன் நம்பர். முந்தின நாள் ராத்திரி நாலு ஊக்கை வைத்துக்கொண்டு பனியனில் பிப்பைக் குத்தும்போது பாதிப்பேர் அதை நிரப்புவதே இல்லை. நிரப்புகிறவர்கள் யோசிக்காமல் எழுதுகிறோம். நான் என் கணவர் பெயரை எழுதுகிறேன், உறவு என்கிற இடத்தில் கணவர் என்று எழுதுகிறேன். எழுத ஒரு விநாடிகூட ஆகாது.

எங்களோடு ஓடிக்கொண்டிருந்த ஒரு தம்பி அந்தக் கோட்டில் ஊரில் இருக்கிற தன் அம்மாவின் நம்பரை எழுதுவார். இப்போது வேறு மாநிலத்தில் வேலையில் இருக்கிறார். இதை எழுதி அவருக்கு அனுப்பி, படித்துவிட்டுப் போடுங்க அக்கா என்று அவர் சொன்ன பிறகுதான் பதிவிடுகிறேன், அதனால் யார் எவர் என்று தயவுசெய்து தேடாதீர்கள். ஒரு போட்டியில் முப்பதாவது கிலோமீட்டர் தாண்டி அவருக்கு முடியாமல் போய்விட்டது. வியர்வை நின்றுவிட்டது, பேச்சு குழறுகிறது, காலில் பிடிப்பு. மருத்துவக் கூடாரத்தில் படுக்க வைத்து ஐஸ் வைத்தார்கள். பிப்பின் பின்பக்கத்தைப் பார்த்து அம்மாவுக்குப் போன் போட்டார்கள், அந்த அம்மா பேருந்துப் பயணத்தில் பாதி நாள் தூரத்தில் இருப்பவர், பதறிப்போய் அழத்தான் முடிந்தது அவரால். அந்த நேரத்தில் தம்பியின் துணை, பல வருஷமாக ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிட்டு வாழ்கிற மனிதர், ஃபினிஷ் லைனில் மாற்றுச் சட்டையும் எலெக்ட்ரால் பாட்டிலுமாக நின்றுகொண்டிருந்தார். கூடாரத்துக்கு ஓடி வந்தார். வாசலில் நின்ற தன்னார்வலர் பையன், "நீங்க அவருக்கு யாரு சார்?" என்று கேட்டான். அந்தப் பையன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, கேட்க வேண்டியதைத்தான் கேட்டான். "ரூம்மேட்" என்றார் இவர். "ஃபேமிலி மட்டும்தான் சார் உள்ள, வெயிட் பண்ணுங்க." அந்தத் தம்பி என்ன மாத்திரை சாப்பிடுகிறார், முந்தின வாரம் காய்ச்சலில் கிடந்தாரா என்பதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். நான் போய் "தம்பிக்கு அக்கா" என்று சொன்னேன், என்னை விட்டார்கள். எனக்கு அந்தத் தம்பியின் ரத்த வகைகூடத் தெரியாது.

சம்பந்தம் இதுதான். இதைவிட என்ன சம்பந்தம் வேண்டும்?

நாம் வெறும் காலும் நுரையீரலுமாகவா ஓடுகிறோம்? எங்கள் குழுவில் பேசுகிறதில் பாதி குடும்பக் கதைதான். லாங் ரன் முடித்துக் கோட்டைக்கு எதிரே டீ குடிக்கும்போது யார் வீட்டில் சண்டை, யார் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள், யார் மனைவி ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை, எல்லாம் பேசுகிறோம். கல்யாண நாள் என்றால் ஜோடிப் படத்தைக் குழுவில் போட்டு நூறு வாழ்த்து வாங்குகிறோம். நம் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோவிலும் 2018-இல் கோல்ட் கோஸ்ட்டிலும் காமன்வெல்த் எடை தூக்கும் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கியபோது அவர் தூக்கிய எடையை மட்டுமா பேசினோம்? அப்பாவும் எடை தூக்கியவர், எந்தத் தெரு, எந்த ஜிம் என்று அந்த வீட்டையே கொண்டாடினோம். ஜெயித்தவன் பின்னால் யார் நின்றார்கள் என்று தெரிந்துகொள்ள நமக்கு எப்போதும் ஆசைதான். ஒரு சிலரிடம் மட்டும் வந்து, அதெல்லாம் வீட்டோடு வைத்துக்கொள், இங்கே ஓட மட்டும் செய் என்கிறோம்.

பாஸ்டன் மாரத்தானில் 1967-இல் கேத்ரின் ஸ்விட்சரை அதிகாரி ஒருவர் ஓடுகிற பாதையிலேயே பிடித்து இழுத்து, அவர் குத்தியிருந்த 261 என்கிற நம்பரைப் பிடுங்கப் பார்த்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் ஒவ்வொரு மார்ச் 8 அன்றும் எங்கள் குழுவில் வருகிறது. பாஸ்டனில் பெண்களை அதிகாரபூர்வமாக ஓட விட்டது 1972-இல், ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984-இல். விடிவதற்கு முன்னால் பாலாறு பாலத்தில் தனியாக ஓடினால் ஒரு பெண் என்னென்ன கேட்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும், "ரோட்டுக்கு ஏன் வரணும்" என்பது நானும் கேட்ட கேள்விதான். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவனை அன்றைக்கு மடக்கிச் சண்டை போட்ட அதே அண்ணன் இந்த வாரம் அதே வார்த்தையை எழுதியிருக்கிறார். எனக்கு ரொம்ப வலித்தது அண்ணா. உங்களைத்தான் சொல்கிறேன்.

நம்ம ஊரில் இல்லை என்றவருக்கு. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஓர் ஆட்கொணர்வு மனு வந்தது. தன் துணையை அவர் பெற்றோர் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பெண் போட்ட மனு. எதிர்மனுதாரர் நம் வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அந்த இளம்பெண்ணை விருப்பப்பட்ட இடத்துக்குப் போக விட்டார்கள், உதவி கேட்டபோது காவல்துறை காட்டிய அலட்சியத்தைக் கண்டித்தார்கள், குடும்பம் அமைய கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தானே தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பம்தான் என்றார்கள். "அதெல்லாம் எங்க கீது" என்று நீங்கள் கேட்ட நம் ஊர் பேரில்தான் இந்த வழக்கு நடந்தது. 2021-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படிப்பட்ட ஒரு ஜோடியின் வழக்கு தன் முன்னால் வந்தபோது, தீர்ப்பு எழுதுவதற்கு முன் தானே ஓர் உளவியல் ஆலோசகரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரு உயர் நீதிமன்ற நீதிபதிக்கு அந்தப் பொறுமை இருந்தது.

இவர்களால்தான் எச்.ஐ.வி. நோய் வருகிறது என்று எழுதியவருக்கு நீளமாகப் பதில் சொல்ல விருப்பமில்லை. 1986-இல் சென்னையிலிருந்து கொண்டுவந்த ரத்த மாதிரிகளை நம் சி.எம்.சி. மருத்துவமனையில் சோதித்துத்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதே முதலில் தெரிந்தது. அவை பெண்களின் ரத்தம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர் இதையாவது தெரிந்து வைத்திருக்கலாம்.

பிள்ளைகள் வருகிற இடம் என்றார் ஒருவர். ஆமாம், 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள்தான் அதிகம். அதில் ஒரு பிள்ளை தன்னைப் பற்றி மெல்லப் புரிந்துகொண்டு பயந்து கிடந்தால், அது நம் வாயிலிருந்து என்ன கேட்கிறது என்று நினைத்துப் பார்த்தீர்களா?

2013-இல் மாஸ்கோ உலகப் போட்டி நடந்தபோது ரஷ்யா தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு எதிராகப் புதுச் சட்டம் போட்டிருந்தது. 800 மீட்டரில் வெள்ளி வாங்கிய அமெரிக்கர் நிக் சிமண்ட்ஸ், அந்த ஊரிலேயே நின்று, இந்தப் பதக்கம் என் தன்பாலின ஈர்ப்பு நண்பர்களுக்கு என்று சொன்னார். அவர் தன்பாலின ஈர்ப்பாளர் இல்லை. சுவீடனின் உயரம் தாண்டும் வீராங்கனை எம்மா கிரீன் நகங்களில் வானவில் நிறம் பூசிக்கொண்டு தாண்டினார், அது விதிமீறலாகிவிடும் என்று சொன்னதும் இறுதிப் போட்டிக்குச் சிவப்புக்கு மாற்ற வேண்டியிருந்தது. பேச வேண்டியவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான் என்று நான் நம்புவது இதனால்தான். அந்தத் தம்பி பேசினால் வேலை போகலாம், வீடு காலி செய்யச் சொல்வார்கள், அம்மா இடிந்து போவார். நான் பேசினால் என்ன போகும்? குழுவில் நாலு பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அடுத்த மாதம் நாம் நடத்தப் போகிற ஓட்டத்துக்குப் பதிவுப் படிவம் இன்னும் அச்சாகவில்லை. அதில் உறவுமுறை என்று கேட்டு, கணவர், மனைவி, தந்தை, தாய் என்று நாலு கட்டம் போட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டங்களை எடுத்துவிட்டு, "அவசரம் என்றால் யாரை அழைக்க வேண்டும், உங்களுடன் யாரை அனுமதிக்க வேண்டும்" என்று வெறும் கோடாக விடுங்கள். யார் பெயரை எழுதினாலும் மருத்துவக் கூடாரத்தில் அவரை விட வேண்டும் என்று தன்னார்வலர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். செலவு ஒன்றும் இல்லை. தனியாக அறை எடுத்துத் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கும், கணவரைப் பிரிந்து வாழ்கிற அக்காக்களுக்கும்கூட இது உதவும். ஞாயிறு ஓட்டம் முடிந்ததும் ஏற்பாட்டுக் குழுவிடம் இதைக் கேட்கப் போகிறேன். கூட நிற்க நினைக்கிறவர்கள் ஆறரைக்குள் கோட்டை வாசலுக்கு வந்துவிடுங்கள். ஒத்துக்கொள்ளாதவர்களும் வாங்க, நேரில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். வருவதற்கு முன்னால் குழுவில் போட்ட அந்தக் கேலிப் படங்களை மட்டும் நீக்கிவிடுங்கள், அந்த மாணவிக்கு ஒரு போன் போட்டு ஞாயிற்றுக்கிழமை ஓட வரச் சொல்லுங்கள்.