எங்கள் ஊர் நெட்டின் மேல் பழி போடாதீர்கள்

அண்ணன்மார் கதைப் பதிவைச் சுற்றி இந்த வாரம் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் ஊர் விழாவில் பாட்டுக்காரர் உடுக்கையோடு ராத்திரி முழுக்கப் பாடிய அண்ணன்மார் கதையை, அதாவது பொன்னர்-சங்கர் கதையை, பதிவு செய்து ஒரு சந்தாச் செயலிக்குக் கொடுத்தோம். அதில் வெளியானபோது படமும் ஒலியும் கெட்டுப்போயிருந்தன, புகார் செய்தோம். அந்தச் சந்தாச் செயலியின் வாடிக்கையாளர் சேவையிலிருந்து வந்த பதிலையும் பலர் பகிர்ந்துவிட்டீர்கள். "தங்கள் இணைய இணைப்பின் வேகம் குறைவாக இருக்கலாம், கிராமப்புறங்களில் இது இயல்பானது" என்று எழுதியிருக்கிறார்கள். முதல் பாதியோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்த இரண்டாவது பாதிதான் இரண்டு நாளாகத் தூங்க விடவில்லை.

படம் கெட்டது எங்கள் ஊர் நெட்டால் அல்ல. அவர்கள் படத்தைச் சுருக்கிய விதத்தால். இதை இந்தப் பதிவில் பல முறை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நீ என்ன இன்ஜினியரா?" என்று நேற்றே ஒருவர் கேட்டுவிட்டார். இல்லை. காங்கயத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து பிழைப்பவன். ஒரு வீடியோக் கோப்பை எவ்வளவு சுருக்கினால் மணப்பெண்ணின் பட்டுச்சேலைச் சரிகை மண்ணாகிப் போகும் என்பது என் தொழில். அதைக் கவனிக்காமல் விட்டால் பெண் வீட்டார் என் கடை வாசலில் வந்து நிற்பார்கள்.

படுகளக் காட்சியை, அதாவது கதையின் வீரர்கள் போர்க்களத்தில் விழுந்து எழுகிற பகுதியை, வீட்டில் டிவியில்தான் பார்த்தோம். ஃபைபர் இணைப்பு. அதே டிவியில், அதே சாயங்காலம், அதே இணைப்பில் ஓடிய கிரிக்கெட் ஆட்டத்தில் பந்தின் தையல் வரைக்கும் தெரிந்தது. கதை தொடங்கிப் பந்தம் ஏற்றி, சாம்பிராணிப் புகை எழுந்ததுமே திரை முழுக்கச் சதுரம் சதுரமாக உடைந்தது. பாட்டுக்காரர் நெற்றியில் இருந்த திருநீறு முகத்தோடு கலந்து ஒரு வெளுத்த திட்டாக நின்றது. தலைப்பாகையின் சிவப்பு, தலைப்பாகையை விட்டு வெளியே வழிந்து பின்னால் இருந்த இருட்டில் ஒட்டிக்கொண்டது. என் அம்மிச்சி டிவிக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, எனக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சா, இல்ல அவரு மொகமே இப்படித்தான் இருக்குதா?" என்று கேட்டார். உங்கள் கண்ணுக்கு ஒன்றும் இல்லை அம்மிச்சி என்று சொல்லி ஒளிபரப்பை நிறுத்திவிட்டேன்.

நெட்டின் கோளாறு எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாம் கேட்டவுடன் படம் வருகிற இந்த முறையில், ஒரே படத்தை 240, 480, 720, 1080 என்று பல தரங்களில் (எண் கூடக் கூடப் படம் தெளிவு) முன்கூட்டியே என்கோட் செய்து, அதாவது சுருக்கிக் கோப்பாக்கி, சில நொடித் துண்டுகளாக வெட்டி சர்வரில் வைத்திருப்பார்கள். ஆப்பிள் நிறுவனம் 2009இல் கொண்டுவந்த எச்.எல்.எஸ். முறையும், 2012இல் சர்வதேசத் தரமாக வந்த டேஷ் முறையும் இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன. நெட் வேகமாக இருந்தால் பிளேயர் அடுத்த துண்டை உயர்ந்த தரத்தில் எடுக்கும். மெதுவாக இருந்தால் தாழ்ந்த தரத்தில் எடுக்கும். அதற்கும் வழியில்லை என்றால் நின்று சுற்றும். எங்கள் வீட்டில் தரம் இறங்கவும் இல்லை, சுற்றவும் இல்லை. செட்டிங்ஸில் 1080 என்றே காட்டிக்கொண்டிருந்தது. அதோடும் விடவில்லை. அந்தப் பகுதியைப் போனில் உயர்ந்த தரத்தில் முழுவதுமாக டவுன்லோடு செய்து, நெட்டையே அணைத்துவிட்டுப் பார்த்தேன். அதே இடத்தில், அதே நொடியில், அதே சதுரங்கள். திருப்பூரில் இருக்கும் என் பங்காளி வீட்டிலும், கோவையில் பீளமேட்டில் இருக்கும் நண்பர் வீட்டிலும் அதே நொடியில்தான் உடைகிறது. பீளமேடு கிராமப்புறமா என்பதை அந்தச் சேவைப் பிரிவு எனக்குச் சொல்லட்டும்.

சுருக்குவதையே குற்றம் என்று நான் சொல்லவில்லை. சுருக்காமல் முடியவே முடியாது. ஒரு முழு எச்.டி. படத்தைப் புள்ளிக்கு 24 பிட் (கணினித் தரவின் மிகச் சிறிய அலகுதான் பிட்), நொடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்) என்று அப்படியே அனுப்பினால் நொடிக்கு ஏறத்தாழ 124 கோடி பிட் ஆகும். நம் வீட்டுக்கு வருவதோ பெரும்பாலும் 50 லட்சம் பிட், சில நேரம் அதற்கும் கீழே. அதாவது இருநூற்று ஐம்பதில் ஒரு பங்கில் படத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். இது சாதாரண வேலை அல்ல. இதற்கு அடித்தளமான கணிதத்தை 1974இல் கட்டுரையாக வெளியிட்டவர்கள் பெங்களூரில் பிறந்த நசீர் அகமதுவும், அவரோடு சேர்ந்து உழைத்த டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோரும். படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் கண் பெரிதாகக் கவனிக்காத நுண் விவரத்தைக் கழித்துவிடுகிற வழி அது. அதை நினைத்துப் பெருமைப்படுகிற ஆள் நான்.

ஆனால் எதைக் கழிப்பது, எவ்வளவு கழிப்பது என்பதை ஓர் ஆள் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். செய்தி வாசிப்பவர் மேசைக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தால் முந்தைய சட்டகத்துக்கும் இந்தச் சட்டகத்துக்கும் பெரிய மாற்றமே இல்லை. எது எங்கே நகர்ந்தது என்று சொன்னால் போதும், மிகக் குறைந்த பிட்டில் அழகாக வரும். புகை அப்படியல்ல. தீப்பந்தம் அப்படியல்ல. இருட்டில் ஆடி வருகிற கூட்டம் அப்படியல்ல. அங்கே ஒவ்வொரு சட்டகமும் புதிது. போதாததற்கு, இருட்டான பகுதியில் விவரம் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டு மென்பொருள் பெரும்பாலும் அங்கேதான் கை வைக்கும். எங்கள் படுகளம் முழுக்கவே ராத்திரி, முழுக்கவே புகை, முழுக்கவே பந்தம். வீரர்கள் அருள் வந்து சாய்ந்து கிடப்பதும், அவர்களின் தங்கை தங்காள் தீர்த்தம் தெளித்து எழுப்புவதும் அந்த வெளிச்சத்தில்தான் நடக்கும். பகலில் ஸ்டுடியோவில் எடுத்த நேர்காணலுக்கு வைத்த அதே பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு இத்தனை பிட் என்கிற அளவை, இதற்கும் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

இது யாருக்கும் தெரியாத ரகசியமும் அல்ல. படத்துக்குப் படம் தன்மை வேறு என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக பிட்ரேட் அமைக்கிறோம் என்று நெட்ஃப்ளிக்ஸ் 2015இலேயே விளக்கமாக எழுதி எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டது. ஆக, வழி தெரியாமல் நடந்ததல்ல இது. எங்கள் பதிவுக்கு அந்த மெனக்கெடல் தேவையில்லை என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

ஒலியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் எனக்கு அதிகம் வலித்தது அங்கேதான். குறுந்தகட்டுத் தரத்தில் ஒலி என்றால் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எடுக்கிற மாதிரி (சாம்பிள்), மாதிரிக்கு 16 பிட், இடது வலது என இரண்டு பக்கம். மொத்தம் 14 லட்சம் பிட். அதை 1 லட்சத்து 28 ஆயிரத்துக்குச் சுருக்கினால் வழக்கமான எம்.பி.3 கோப்பு. மென்பொருள் ஒலியைச் சிறு துண்டுகளாக எடுத்துக்கொள்கிறது, எம்.பி.3இல் ஒரு துண்டு ஏறத்தாழ 26 மில்லிநொடி. அந்தத் துண்டுக்குள் அமைதியாக இருந்து திடீரென்று ஓர் அடி விழுந்தால், சுருக்கியதால் உண்டாகிற இரைச்சல் துண்டு முழுவதும் பரவி, அடி விழுவதற்கு முன்பே ஒரு 'உஸ்' என்று கேட்டுவிடும். இதைக் கண்டுபிடிக்க ஐரோப்பியப் பொறியாளர்கள் காஸ்டனெட்ஸ் என்கிற ஸ்பெயின் நாட்டுத் தாளக்கட்டையின் ஒலியைச் சோதனைக்கு வைத்துக்கொண்டார்கள். அப்படி ஓர் அடி வரும்போது துண்டைச் சிறிதாக்கிக்கொள்ளவும் வழி செய்தார்கள். அதற்குக் கொஞ்சம் கூடுதல் பிட் வேண்டும். அவ்வளவுதான்.

உடுக்கை என்ன, காஸ்டனெட்ஸுக்குக் குறைந்ததா? பாட்டுக்காரர் வரியை முடித்து மூச்சு வாங்குகிற இடைவெளியில் உடுக்கையின் இடையை இறுக்கி ஓர் அடி வைப்பார், அந்தத் தோல் கேட்கிற கேள்விக்கு அடுத்த வரி பதிலாக வரும். கேட்டவர்களுக்குத் தெரியும். செயலியில் அந்த அடி ஈரத்துணி மேல் விழுந்த மாதிரி கேட்கிறது.

இனி வரப்போகிற வாதங்கள். "குறைந்த சந்தாவுக்கு இவ்வளவு எதிர்பார்க்கலாமா" என்பார்கள். பெரிய நடிகரின் படத்தைப் பார்க்கவும் இதே சந்தாதான். அது பளிச்சென்று வருகிறது. எங்கள் கதைக்குத் தனியாகக் குறைத்து வாங்கவில்லையே. "டேட்டா கம்மியாக இருப்பவர்களும் பார்க்க வேண்டாமா" என்பது நியாயமான கேள்வி. அவர்களுக்காகத்தான் 240உம் 480உம் இருக்கின்றன, 1080ஐயும் ஏன் பட்டினி போட வேண்டும்? "யூடியூபில் போட்டிருக்கலாமே" என்பவர்களுக்கு: ஒப்பந்தப்படி முடியாது. விழாக் குழுவினர் நம்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். உலகத்துக்கு இந்தப் பதிவின் ஒரே வடிவம் இப்போதைக்கு அந்தச் செயலியில் இருப்பதுதான். அதனால்தான் இவ்வளவு பேசுகிறேன்.

"கிராமத்துக் கலை அந்த மேடைக்குப் போனதே பெரிது, குறை சொல்லாதே" என்று நம் ஊர்க்காரர்களே எழுதியிருந்தீர்களே, அதற்கு என்ன பதில் சொல்வது என்றே தெரியவில்லை. போனதே பெரிது என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள் நமக்கு? 1965இல் காங்கயத்துக்குப் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த பிரெண்டா பெக் என்கிற கனடாப் பெண்மணி, இதே அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். கரண்டும் சாலையும் இன்றைக்கு இருப்பதுபோல் இல்லாத காலம். ஒரு வரியும் போய்விடக் கூடாது என்று வெளிநாட்டிலிருந்து வந்தவர் நினைத்தார். நாம் போனதே பெரிது என்கிறோம்.

என் தாய்மாமா கோபிசெட்டிபாளையத்தில் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தார். பட்டியல் எழுதிக் கொடுத்தால் பாட்டுகளை அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார். நான் பள்ளி விடுமுறையில் அங்கேதான் கிடப்பேன். பதிந்து முடித்ததும் உறையில் போட்டுக் கொடுத்துவிட மாட்டார்; திருப்பிப் போட்டு இரண்டு பக்கமும் ஓட விட்டுக் கேட்பார். ஒரு நாள் அந்தியூரிலிருந்து மாடு வாங்க வந்த ஒரு பெரியவர், அம்மன் பாட்டுக் கேசட்டுக்காக வெளியில் பெஞ்சில் காத்திருந்தார். நடுவில் ஓரிடத்தில் ஒலி உள்வாங்கியது. மாமா அதை அழித்துவிட்டு முதலிலிருந்து பதிந்தார். "அவரு டேப்புல கேட்டா இதெல்லாம் தெரியாதுங்க மாமா" என்று நான் சொன்னதற்கு, "அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்ல சாமி" என்றார். அந்தப் பெரியவர் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குத்தான் போனார், ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை. இவ்வளவு பெரிய நிறுவனத்தில் வெளியிடுவதற்கு முன் ஒரு தடவை ஓட விட்டுப் பார்க்க ஓர் ஆள் இல்லையா?

1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்கிற திரையரங்கைக் கட்டினார். அப்படிப் படம் பார்த்துப் பழகிய மண் இது. கொட்டகையில் படம் மங்கினால் "ஆப்பரேட்டரே, போகஸ்!" என்று பின் வரிசையிலிருந்து சத்தம் போடுவோம், அவரும் சரி செய்வார். இப்போது யாரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவது? புகார் எண் ஒன்று வருகிறது, பிறகு 'உங்கள் நெட் மெதுவாக இருக்கிறது' என்று ஒரு பதில் வருகிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, நெட்வொர்க் தாங்காது என்று இந்தியாவில் பெரிய வீடியோ நிறுவனங்கள் மொபைல் நெட்டில் தரத்தை 480க்கு இறக்கின. அறிவித்துவிட்டுச் செய்தார்கள். நாமும் வாய் திறக்காமல் ஏற்றுக்கொண்டோம். காரணத்தைச் சொல்லிவிட்டுக் குறைத்தால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. 1080 என்று எழுதிவிட்டு அதற்குள்ளே சத்தம் இல்லாமல் குறைப்பதும், கேட்டால் பார்ப்பவனின் ஊரைக் குறை சொல்வதும்தான் பொறுக்க முடியாதது.

வெளியாவதற்கு முதல் நாள் பாட்டுக்காரர் வீட்டுக்குப் பேரன் புதிதாகச் சந்தா கட்டிக் கொடுத்தானாம். சொந்த பந்தம் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். பாதியில் எழுந்து திண்ணைக்கு வந்துவிட்டார் என்று பேரன் சொன்னான். நான் போய்ப் பார்த்தபோது வேறு எதுவும் பேசவில்லை. "தொண்டை போயிருச்சுன்னு ஊர்ல சொல்லுவாங்கல்ல சாமி?" என்று மட்டும் கேட்டார். அவர் தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. பந்தலில் மைக்குக்கு முன்னால் நான் நின்று கேட்ட குரல் அது. விடியற்காலை மூன்று மணிக்கும் உடையாத குரல். அதை உடைத்தது அவருடைய வயது அல்ல, எங்கள் ஊர் நெட்டும் அல்ல.

படப்பிடிப்பின் மூலக் கோப்பு, சுருக்காத ஒலியோடு, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் என் கடையில் பத்திரமாக இருக்கிறது. நிறுவனத்திடம் கொடுத்தது அதன் நேர் பிரதி. ஆகவே கொடுத்த கோப்பே மோசம் என்றும் இனிச் சொல்ல வழியில்லை. மறுபடி என்கோட் செய்ய வேண்டும், ராத்திரிப் பகுதிகளுக்குத் தனியாக பிட்ரேட் வைக்க வேண்டும், ஒலியைக் குறைந்தது இரு மடங்கு பிட்டில் தர வேண்டும், பாட்டுக்காரரிடம் ஆள் வந்து பேச வேண்டும். பிரதி தொலைந்துவிட்டது என்றால் கோவையில் அவர்கள் சொல்கிற இடத்துக்கு நானே ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து தருகிறேன். விழாக் குழுத் தலைவரிடமும் சொல்லிவிட்டேன், அவரும் உடன் வருகிறார்.